சும்மா தருகிறவர்கள்

பிப்ரவரி 2

இந்த டைரி நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் நெக்லஸ் படம். சங்கத்து மினிட்ஸ் நோட்டில் எழுத முடியாததை எல்லாம் இனி இதில் எழுதப் போகிறேன். அங்கே 'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்றுதான் எழுத வேண்டும். நான் செயலாளராகி இத்தனை வருடத்தில் எங்கள் மீன் விற்கும் பெண்கள் சங்கம் எதையும் ஒருமனதாகத் தீர்மானித்து நான் பார்த்ததில்லை. காபிக்குச் சீனி போடுவதா வேண்டாமா என்பதற்கே இரண்டு கட்சி.

இன்று சந்தைக்கு ஜெயசீலன் என்று ஒருவர் வந்தார். திட்ட ஆலோசகராம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கார். உள்ளே கால் வைத்ததுமே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. டெல்லியில் ஒரு பெரிய டிரஸ்ட், எங்கள் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித்தரத் தயாராக இருக்கிறதாம். டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் எல்லாம் உண்டு. நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பதிவுக் கட்டணமாகப் பதினைந்தாயிரம் முன்னால் கட்ட வேண்டும்.

"கட்டாட்டி?" என்றேன்.

"கட்டலைன்னா ஃபைல் நகராதும்மா. நடைமுறை அப்படி."

தலைவி தங்கபுஷ்பம் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது. இருட்டோடு வந்து கூடையை இறக்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை எழுந்திருக்க முடியாத பிழைப்பு எங்களுக்கு. இத்தனை பெண்கள் உட்காரும் இடத்தில் ஒதுங்க ஒரு மறைப்பு இல்லை. பேரூராட்சி இடம் ஒதுக்கித் தாளும் கொடுத்துவிட்டது, கட்ட நிதி இல்லை என்றும் சொல்லிவிட்டது. தாள் வந்து இரண்டு மழை பார்த்தாகிவிட்டது.

"கையெழுத்துப் போடுட்டி ஞானப்பூ," என்றாள் அக்கா.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பணம் தருகிறவன் எதற்காக முதலில் பணம் கேட்கிறான்?

பிப்ரவரி 3

குருசம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நெத்திலி விற்பவள், சந்தையில் எனக்குப் பக்கத்துக் கூடை. நேற்று நின்றுகொண்டிருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் சின்னப் பெண்.

"தண்ணி குடிக்கிறீங்களா இல்லையா?"

"குடிச்சா போணும்லாம்மா. எங்க போவ?" என்றாள் குருசம்மாள்.

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். சிறுநீரில் கிருமி, அது கிட்னி வரை ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் கிட்னி போய்விடும் என்று சொல்லி மாத்திரை எழுதினாள். அந்தச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் இரண்டு பங்காக வாங்கினேன். ஒன்று என் வீட்டில் கிடக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்.

பிப்ரவரி 6

மீன் விற்றுக் கையைக் கழுவிவிட்டு நூலகத்துக்குப் போனேன். நான் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் நாற்காலியை மெல்ல நகர்த்துவார்கள். நகரட்டும், எனக்குக் காற்று வரும்.

பழைய செய்தித்தாளில் ஒரு மூலையில் சின்ன அறிவிப்பு. கோயம்புத்தூரில் ஒரு அறக்கட்டளை. வேலை செய்யும் பெண்களின் சங்கங்களுக்கு உதவித்தொகை. 'விண்ணப்பக் கட்டணம் இல்லை. இடைத்தரகர் தேவையில்லை.' வெளியே வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"கட்டணம் எவ்வளவும்மா?"

"கட்டணமே இல்லைங்க."

"பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்லைங்க. நீங்க அனுப்புங்க, நாங்க ஆள் வந்து பாப்போம். பிடிச்சிருந்தா குடுப்போம். இல்லைன்னா ஏன் இல்லைன்னு சொல்லுவோம்."

போனை வைத்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், பயம்தான் வந்தது. காசு கேட்டவனைப் பார்த்து எனக்கு எரிச்சல். கேட்காதவள் மேல் சந்தேகம். என்ன பழக்கமோ இது.

பிப்ரவரி 10

கூட்டம். மீன் கூடை கவிழ்ந்தது போல ஒரே இரைச்சல். கோயம்புத்தூர் விஷயத்தைச் சொன்னேன்.

தங்கபுஷ்பம் அக்கா சிரித்தாள். "சும்மா குடுக்கதுக்கு அவன் என்ன மாமனா மச்சானாட்டி? கல்யாண வீட்டுல கூட மொய் எழுதிட்டுத்தான் பந்தியில உக்காருதோம்."

எல்லோரும் அக்கா பக்கம். காசு கேட்கிறவரிடம் பொறுப்பு இருக்கும், நாளைக்குக் கேள்வி கேட்கலாம். கேட்காதவர்களை எதை வைத்துப் பிடிப்பது? இதுதான் அவர்கள் வாதம். கேட்கக் கேட்க எனக்கே சரி போலத் தோன்றிவிட்டது. மாதா கோயில் திருவிழாவுக்கு வரி போடுவது போல ஆளுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். பணம் அக்காவின் பிஸ்கட் டின்னுக்குப் போய்விட்டது.

இனி ஜெயசீலன் தரும் தாளில் என் கையெழுத்தும் சங்க முத்திரையும் விழ வேண்டும். முத்திரை எங்கே என்றார்கள். காணவில்லை என்றேன்.

அது என் வீட்டு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் காணவில்லை என்றுதானே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12

முத்திரை கிடைத்ததா என்று மூன்று பேர் கேட்டார்கள். சோறு பொங்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

பிப்ரவரி 14

'உப்பளத்துப் பெண்களுக்கு நான்தான் டிரஸ்ட் பணம் வாங்கிக் கொடுத்தேன்' என்று ஜெயசீலன் அன்று பெருமையாகச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு வரலாமே என்று பஸ் ஏறினேன்.

உப்பளத்துச் சங்கத் தலைவியின் பெயர் முத்துக்கனி. என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினாள். நல்ல கெட்டித் தாள், தங்க நிற முத்திரை.

"பணம் வந்துட்டாக்கா?"

"வரும். போன வருசம் மழைக்கு முன்ன கெட்டுனோம். டெல்லில்லாம்மா, நேரமாகும்."

"போன் போட்டுப் பாத்தியளா?"

"எடுக்க மாட்டுக்காரு. வேலையா இருப்பாரு, பாவம்."

அக்கா, அவன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. ரசீதை வாங்கி மறுபடி புடவைக்கு அடியில் வைத்தாள். "வந்த எடத்துல நல்ல வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா," என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதை ஒப்புக்கொண்டால் அந்தப் பெண்களின் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்?

பிப்ரவரி 15

முத்துக்கனி கதையைச் சந்தையில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அக்காவே ஜெயசீலனுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். "சார், வரும்போது அந்த உப்பளத்துத் தலைவியையும் கூட்டிட்டு வாங்க, ஒரு வார்த்த கேட்டுட்டுப் பணத்தக் குடுத்திருதோம்" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த ஆள் கத்திய கத்தலில் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. இனி அந்தக் கார் இந்தப் பக்கம் வராது.

"சரிட்டி, நீ சொன்னதுதான் சரி," என்றாள் அக்கா. வரிப்பணத்தை மட்டும் திருப்பித் தரமாட்டாளாம். நல்ல காரியத்துக்கென்று எடுத்து வைத்த பணம், பிரித்துக் கொடுத்தால் காரியம் கெட்டுப்போகும் என்கிறாள். இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதிசயம், ஒருமனதாக.

முத்திரை கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

பிப்ரவரி 22

விபூதிப் புதன். இந்தத் தவக்காலத்துக்குக் காபியையும் சந்தையில் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டேன். சந்தையில் தண்ணீர் குடிப்பதை எப்போதோ விட்டாயிற்று. இருந்தாலும் சாமி கணக்கில் சேரட்டும்.

பிப்ரவரி 26

விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பதிவுச் சான்று, ஆடிட் ரிப்போர்ட், பேரூராட்சி தந்த தாள், இன்ஜினியர் போட்ட எஸ்டிமேட் எல்லாம் மஞ்சள் பையில். நான் சொல்லச் சொல்லக் கடைக்காரர் டைப் அடித்தார். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் தானே எல்லாக் கேள்விக்கும் 'டச்சிங்காக' எழுதித் தருவதாகச் சொன்னார். நீங்க ஸ்கேன் மட்டும் எடுங்க தம்பி என்றேன்.

ஒரு கேள்வி: 'தற்போது பெண்கள் என்ன ஏற்பாடு செய்துகொள்கிறார்கள்? விரிவாக எழுதவும்.' ஏற்பாடு இல்லை என்று போடுங்கள் என்றேன்.

"எவ்வளவு எடம் கெடக்கு பாருங்கக்கா. விரிவான்னு கேட்டிருக்கான்."

"அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போங்க."

கடைசிக் கேள்வி: 'இந்த விண்ணப்பம் தொடர்பாக யாருக்காவது பணமோ பொருளோ கொடுத்தீர்களா? கொடுத்தது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.' இல்லை என்பதை என் கையாலேயே அழுத்துகிறேன் என்று சொல்லி மவுஸை வாங்கினேன். காலையில் இருந்தே லேசாகக் குளிர். வெயில் தலையைப் பிளக்கிறது, எனக்குக் குளிர்கிறது. கடையில் ஏசி, அதனால் இருக்கும்.

பிப்ரவரி 27

அனுப்பியாயிற்று. மாதாவே.

மார்ச் 6

போன் வரவில்லை. சந்தை இரைச்சலில் கேட்காமல் போய்விடுமோ என்று ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். லோன் வேண்டுமா என்று ஒருத்தி கூப்பிட்டாள். கோயம்புத்தூர் என்று நினைத்து அவளுக்கு நாலு தடவை வணக்கம் சொன்னேன்.

மார்ச் 9

வீட்டுக்காரர் கடலில் இருந்து வந்தார். கரையேறியதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் வீங்கியிருக்கிறது என்றார். தூக்கம் சரியில்லை என்றேன். குருசம்மாளுக்கு டாக்டர் சொன்ன பார்லித் தண்ணீரை நானும் சாயங்காலம் குடிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

குருசம்மாள் தேறிவிட்டாள். வாயும் தேறிவிட்டது. "ஒனக்குந்தானட்டி இருக்கு. போய்க் காட்டு," என்கிறாள். இவளுக்கு வந்தால் ஊருக்கே வரவேண்டும்.

மார்ச் 14

போன் வந்தது! அன்று பேசிய அதே பெண். பெயர் சுகுணா. வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறாள். நான் 'சரிம்மா, சரிம்மா' என்பதைத் தவிர ஒன்றுமே பேசவில்லை. வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 17

சுகுணா வந்தாள், பார்த்தாள், போனாள். எழுதவே கை வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு விருந்தாளி என்றால் பைத்தியம் பிடித்துவிடும். நேற்றே சந்தையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, கோலமும் போட்டுவிட்டார்கள். ஐஸ் குடோனுக்குப் பின்னால் நாங்கள் ஒதுங்கும் இடத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பழைய வலையும் ஓலைத் தட்டியும் கொண்டுபோய் மறைத்தார்கள். எல்லோரும் கோயிலுக்குக் கட்டும் புடவையில் மீன் விற்றார்கள். இந்தச் சந்தையைப் பார்த்தால் கழிப்பறை இல்லாத சந்தை என்று யார் சொல்வார்? நானும் சேர்ந்துதான் கழுவினேன்.

சுகுணா முப்பது வயதுக்குள் இருப்பாள். கண்ணாடி, தோள்பை. வந்தவளை நகரவிடாமல் நிழலில் உட்கார வைத்து இளநீரும் கலரும் மாறி மாறிக் கொடுத்தார்கள். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அக்கா, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்மா," என்றாள். நல்லா இருக்கிறவளுக்கு எதற்கம்மா பணம் என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அரை மணியில் எழுந்துவிட்டாள். போகும்போது அக்கா ஒரு பையில் சீலா மீன் கருவாடு கட்டி அவள் கையில் திணித்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவளை ஆட்டோவில் ஏற்றிப் பையை மடியில் வைத்தே அனுப்பினாள்.

சந்தை இவ்வளவு சுத்தமாக இருந்திருக்கக் கூடாது.

மார்ச் 18

தலையில் இடி விழுந்தது.

அக்கா காலையில் இருந்தே முகம் மலர்ந்திருந்தாள். "கவலப்படாத ஞானப்பூ, நம்ம வேல முடிஞ்சிரும்," என்றாள். எப்படி என்றேன். குனிந்து காதில் சொன்னாள். கருவாட்டுக்கு அடியில் கவர் வைத்திருக்கிறாள். பிஸ்கட் டின்னில் இருந்த மொத்தப் பணத்தையும்.

"அவ கேக்கல யக்கா!"

"நல்ல பிள்ளையள் வாய்விட்டுக் கேக்காதுட்டி. நாமதான் அறிஞ்சி குடுக்கணும். வழிச்செலவுக்குன்னு நெனச்சிக்கிடுவா."

திருடனுக்குக் கொடுக்கவிடாமல், முத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து நான் காப்பாற்றிய பணம். அதை நல்லவளுக்கு லஞ்சமாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, கண்ணால் பார்த்துவிட்டேன்.

மார்ச் 19

பூசையில் மனம் நிற்கவில்லை. 'கொடுத்தது தெரிந்தால் நிராகரிக்கப்படும்.' பையைத் திறந்தால் சுகுணா தலைமை அலுவலகத்தில் சொல்வாள். எடுத்து வைத்துக்கொண்டால் அவளும் ஜெயசீலன்தான், நமக்கு வேலை நடக்கும். இதில் எது நடக்க வேண்டும் என்று நான் மாதாவிடம் கேட்பது? சொல்லாமல் இருந்துவிடு என்று ஒரு மனம். நீதானே 'இல்லை' என்று அழுத்தினாய் என்று இன்னொரு மனம்.

இடுப்பில் பிடித்துக்கொண்டது. கூடை தூக்கியது.

மார்ச் 21

போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

"நான் அந்தப் பையைத் திறக்கவே இல்லைங்க," என்றாள். "நாங்க கருவாடு சாப்பிட மாட்டோம். பஸ்ஸுல வாசம் வருமேன்னு அந்த ஆட்டோக்காரருக்கே குடுத்துட்டேன்."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு பூச்சிக்கும் தெரிந்திருக்காது.

"அம்மா, அப்ப இது... நமக்குள்ள..."

"இல்லைங்க. நீங்க சொல்லிட்டீங்க. இனி நான் எழுதித்தான் ஆகணும். இல்லைன்னா நான் மறைச்சதா ஆயிடும்." பிறகு, "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க," என்றாள். கோபம் இல்லை அதில். அதுதான் சுட்டது.

மார்ச் 22

சந்தையில் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போயும் போயும் கருவாடு திங்காதவளுக்கா குடுத்தேன்!" எந்த ஆட்டோ என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டார்கள். ஒருத்தன் முகத்திலும் கருவாட்டுக் களை இல்லை.

அக்காவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கேட்காத இடத்தில் போய் ஏன் சொன்னாய்? பெரிய அரிச்சந்திரன் வீட்டு மகளா?

"ஒன் உண்மைய வச்சி நாங்க எங்கட்டி ஒதுங்க?" என்றாள் நண்டு விற்கும் வியாகுலம். அவளுக்கு மாதவிலக்கு நாட்களில் சந்தைக்கு வரவே முடிவதில்லை, அந்த நாட்களின் வருமானமும் இல்லை.

குருசம்மாள் மட்டும் தன் கூடையை என் கூடைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

மார்ச் 25

குருசம்மாளைத் தவிர யாரும் என் பக்கம் திரும்புவதில்லை.

மார்ச் 28

காய்ச்சல். மீன் வாங்கப் போகவில்லை. பங்குனியில் என்ன பனி என்று கேட்கக் கூடாது, இந்த வருடம் பனி ஜாஸ்தி. வாங்கி வைத்த மாத்திரையில் மிச்சம் இருந்ததைப் போட்டேன். அவசரத்துக்கு ஆகும் என்று வாங்கியதுதானே.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். விசைப்படகுகள் கரையேறிவிட்டால் சந்தையில் பாதி காலி. அதற்குப் பிறகு யார் வந்து எதைப் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 31

சுகுணா பேசினாள். கமிட்டியில் இரண்டு பேர் தள்ளிவிடச் சொன்னார்களாம். ஒருவர், தானே முன்வந்து சொன்ன சங்கத்தைத் தள்ளினால் இனி எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்றாராம். முடிவு இல்லை. மறுபடி போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து எழுது என்று அனுப்புகிறார்கள்.

"சாப்பாடு, தண்ணி எல்லாம் நானே கொண்டாந்துருவேங்க. நீங்க ஒண்ணுமே தரக் கூடாது. ஒரு டீ கூட."

சந்தையில் போய்ச் சொன்னேன். விருந்தாளிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் எப்படி என்று அக்காவுக்கு ஒரே வருத்தம். கழுவக் கூடாது, கோலம் போடக் கூடாது, நல்ல புடவை கட்டக் கூடாது என்று ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் வாங்கினேன்.

ஏப்ரல் 5

பெரிய புதன், ஈஸ்டருக்கு முந்தின புதன். தவக்காலக் கடைசி, கறி தின்னாதவர்கள் எல்லாம் மீனுக்கு வருகிறார்கள், சந்தையில் நிற்க இடமில்லை. விடியும் முன்னால் சுகுணா வந்துவிட்டாள். ஒரு காலி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பெரிய தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா. யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கை தானாக எதையாவது எடுத்துக் கொடுத்துவிடும் என்று பயம். அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

சுகுணா எழுதினாள், பார்த்தாள், வெயில் ஏற ஏறத் தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் குருசம்மாள் என் இடுப்பில் இடித்தாள். எனக்கு அங்கே தொட்டாலே உயிர் போகிறது, அவளிடம் சொல்லவில்லை.

கூட்டம் நெரியும் நேரத்தில் சுகுணா என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏனுங்க... இங்க எங்கீங்க போறது?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கேட்டது கமிட்டிக்கான கேள்வி இல்லை. கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொறுத்துக்கிட முடியாதாம்மா?"

"முடியாதுங்க."

தங்கபுஷ்பம் அக்கா கூடைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் பழைய புடவையை உருவிக்கொண்டு எழுந்தாள். ஐஸ் குடோனுக்குப் பின்னால், உடைந்த வள்ளம் கிடக்கிறதே, அங்கே கூட்டிப் போனோம். அக்கா ஒரு முனை, குருசம்மாள் ஒரு முனை, புடவையை விரித்துப் பிடித்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து நின்றேன். ஆண்கள் யாராவது வந்தால் நான் இரும வேண்டும். இருமினால் உள்ளே இருப்பவள் எழுந்துவிட வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு.

ஐஸ் லாரி கிளீனர் வந்தான். இருமினேன். அவள் பதறி எழுந்தாள். அவன் போனதும் மறுபடி உட்கார்ந்தாள். பிறகு பனைமட்டை தூக்கிக்கொண்டு ஒரு கிழவர். மறுபடி இருமினேன். அவர் எங்களைப் பார்க்காதது போலத்தான் போனார், எல்லோரும் அப்படித்தான் போவார்கள். சுகுணா புடவைக்கு வெளியே வந்து நின்றாள்.

"வரலைங்க," என்றாள்.

"கூச்சத்துல அடைச்சிக்கிடும்மா. எங்களுக்கும் ஆதியில அப்பிடித்தான்," என்றாள் அக்கா. "கண்ண மூடிக்க. நாங்க நிக்கோம்."

ஒருவழியாக முடித்துத் திரும்பி வந்து சுகுணா ஐஸ் பெட்டியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தண்ணீர் பாட்டில் பாதி மிச்சம் இருந்தது. அதன் மூடியை நன்றாகத் திருகிப் பைக்குள் வைத்தாள். சந்தை கலையும்வரை அதை வெளியே எடுக்கவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது, எடுக்கவில்லை.

போகும்போது கேட்டாள்: "இப்போ என்ன ஏற்பாடுன்னு கேட்டதுக்கு 'ஏற்பாடு இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. ஏனுங்க இதை எழுதல?"

"டைப் அடிச்சவரு ஆம்பள," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "நான் எழுதறேனுங்க," என்றாள். பிடித்த கையை விடாமல், "உங்களுக்கு உடம்பு கொதிக்குதுங்களே," என்றாள். வெயில் என்றேன்.

ஏப்ரல் 9

பாஸ்கா. உயிர்த்தெழுந்த ஞாயிறு. போன் வரவில்லை. விடுமுறை, வராது. தெரிந்தும் பூசையில் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 12

கொடுத்துவிட்டார்கள்.

சுகுணா போனில் சொன்னபோது நான் ஒரு நெத்திலிக் கூறு போட்டுக்கொண்டிருந்தேன். குருசம்மாள் கூடை அது, அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். டீ! தவக்காலம் முடிந்துவிட்டது என்று கொண்டாடுகிறாளாம். எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வியாகுலம் நண்டை அப்படியே போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நண்டுகள் சந்தை முழுக்க ஓடின.

அக்கா அழுது முடித்ததும், "அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல சீலாவா..." என்று ஆரம்பித்தாள். "யக்கா!" என்று சந்தையே கத்தியது.

முதல் தவணை வந்து, அஸ்திவாரம் தோண்டி, சுவர் எழும்பிக் கதவு மாட்டுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும் என்கிறார் இன்ஜினியர். வரட்டும். இத்தனை நாள் பொறுத்தோம்.

நான் பொறுப்பேனா என்பதுதான் தெரியவில்லை. இன்று காலையில் சிறுநீரில் ரத்தம் போயிற்று. முதல் தடவை இல்லை. விபூதிப் புதனுக்கு முன்னாலிருந்தே போகிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாத்திரை தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் குருசம்மாள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. "காலையிலயே வாறேன்ட்டி," என்று சொல்லி உள்ளே போனாள். ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்து, நான் முழுவதும் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.